ஃபயர்வால் பெட்டியில் விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ்: எதை எங்கே, எந்த வரிசையில் போடுவது

ரிச்சி தெருவில் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரும் நாலு போர்ட் இன்டெல் கார்டும் வாங்கிவந்து, பிஎஃப்சென்ஸோ ஓபிஎன்சென்ஸோ (இரண்டும் ஃபயர்வால் மென்பொருள்கள்) ஏற்றிவிட்டீர்கள். இணையம் வரும் வேன் பக்கமும் வீட்டுப் பக்கத்து லேனும் ஓடுகின்றன. அடுத்து இன்டர்ஃபேஸ் மெனுவைத் திறந்தால் விலேன், பிரிட்ஜ், லேக், பிபிபி, ஜிஆர்இ, ஜிஐஎஃப், கியூஇன்கியூ என்று ஒரு பெரிய வரிசையே நிற்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். எது தேவை என்று தெரியாமல் ஒன்றிரண்டை உருவாக்கிப் பார்ப்பார்கள், நெட் நின்றுவிடும், பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய ஒற்றை லேனுக்கே திரும்பிவிடுவார்கள். அந்த இடத்தைத் தாண்டுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் என்பது கார்டில் கண்ணுக்குத் தெரியாத, சாஃப்ட்வேர் உருவாக்கும் ஒரு போர்ட். ஃபயர்வாலுக்கு அதுவும் நிஜ போர்ட்டும் ஒன்றுதான்: ஐபி தரலாம், டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுப்பது) ஓட்டலாம், ரூல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதி) எழுதலாம். ஆனால் அது அந்தரத்தில் நிற்காது, அடியில் ஏதாவது ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். விலேன் (ஒரே கேபிளில் ஓடும் தனி நெட்வொர்க்) ஒரு நிஜ போர்ட்டின் மேலோ லேக்கின் (ஒன்றாகக் கட்டிய போர்ட்கள்) மேலோ உட்காரும். பிபிபிஓஇ (பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையத்தில் சேரும் முறை) போர்ட்டின் மேலோ விலேனின் மேலோ உட்காரும். வயர்கார்டு மாதிரியான டனல் (இணையத்தின் வழியே தூரத்து இரண்டு இடங்களை இணைக்கும் பாதை), ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஐபி இணைப்பின் மேல் உட்காரும்.

அதனால் மவுஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். நிஜ போர்ட்களை அடியில் எழுதி, எதன் மேல் எது வருகிறது என்று மேலே மேலே வரைந்துகொண்டே போங்கள். உருவாக்கும்போது கீழிருந்து மேலே, அழிக்கும்போது மேலிருந்து கீழே. பயன்பாட்டில் இருக்கும் விலேனை அழிக்கவே விடாது, முதலில் அதன் மேல் இருப்பதை எடு என்று சொல்லும். இந்த வரைபடம் இல்லாமல் பத்து நிமிட வேலை ஒரு ராத்திரி முழுக்க இழுக்கும்.

முதலில் விலேன், பாதிப் பேருக்கு இது ஒன்றே போதும்

ஆதம்பாக்கத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். டாலி ஓடும் கம்ப்யூட்டர்கள், ஒரு பிரின்டர், கேமராக்களோடு ஒரு என்விஆர் (கேமராப் பதிவுப் பெட்டி), அப்புறம் வந்துபோகும் கட்சிக்காரர்களுக்கு வைஃபை. ஆடிட்டர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "தம்பி, வர்றவங்க வைஃபை கேட்டா கொடுக்கணும், ஆனா டாலி பக்கம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது." இதற்கு மூன்று தனி நெட்வொர்க் வேண்டும், அதற்காக மூன்று தனி கேபிள் இழுக்க வேண்டியதில்லை. ஒரே கேபிளில் மூன்றையும் அனுப்பலாம். ஒவ்வொரு ஃபிரேமிலும் (கேபிளில் போகும் தரவுத் துண்டு) 4 பைட் நீளமுள்ள ஒரு டேக் சேரும், எந்த நெட்வொர்க் என்று அதில் உள்ள எண் சொல்லும். 802.1க்யூ என்று ஸ்விட்ச் பெட்டியின் மேல் போட்டிருப்பது இதைத்தான்.

எண்ணுக்கு 12 பிட் ஒதுக்கியிருப்பதால் 1 முதல் 4094 வரை கிடைக்கிறது. 1ஐத் தொடாதீர்கள், ஸ்விட்ச்கள் அதை ஆரம்ப நிலைக்கென்று வைத்திருக்கின்றன. ஊழியர்களுக்கு 10, கேமராவுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று வைத்துக்கொண்டு, ஐபியின் மூன்றாவது எண்ணையும் அதேபோல் 192.168.10, 192.168.20, 192.168.30 என்று வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து லாகில் 192.168.30.57 என்று பார்த்தவுடனே விருந்தினர் வைஃபை என்று தெரிந்துவிடும்.

போர்ட் எதைத் தேர்ந்தெடுப்பது? கார்டில் முதல் போர்ட் வேன், இரண்டாவது உங்கள் நிர்வாக லேன், மூன்றாவதை டேக் போட்ட விலேன்களுக்கென்றே ஒதுக்குங்கள். ஒரே போர்ட்டில் டேக் இல்லாத லேனையும் டேக் உள்ள விலேன்களையும் கலந்து வைத்தாலும் ஓடும், ஆனால் ஸ்விட்சில் ஒரு சின்னத் தவறு நடந்தால் விருந்தினர் வைஃபை நேராக நிர்வாக லேனில் போய் விழுந்துவிடும். நாலு போர்ட் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? விலேன்களைச் சுமக்கும் அந்த மூன்றாவது போர்ட்டுக்கு ஐபி எதுவும் தர வேண்டாம்.

சரி, இப்போது உருவாக்கலாம். பிஎஃப்சென்ஸில் இன்டர்ஃபேசஸ், அசைன்மென்ட்ஸ், அதில் விலேன்ஸ் தாவல். ஓபிஎன்சென்ஸில் இன்டர்ஃபேசஸ், டிவைசஸ், விலேன். பழைய பதிப்பு என்றால் டிவைசஸ் இருக்கும் இடத்தில் அதர் டைப்ஸ் என்று இருக்கும். பேரன்ட் என்ற இடத்தில் அந்த மூன்றாவது போர்ட், டேக் 20, விளக்கத்தில் கேமரா என்று எழுதிச் சேமியுங்கள். 10க்கும் 30க்கும் இதேதான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. இதுவரை செய்தது கருவியை உருவாக்கியது மட்டும், ஃபயர்வால் அதை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. அசைன்மென்ட்ஸ் பக்கத்தில் அதைச் சேர்த்து, உள்ளே போய் எனேபிள் குறியிட்டு, பெயர் வைத்து, ஸ்டாட்டிக் ஐபி கொடுக்க வேண்டும். 192.168.20.1 என்று அடித்தபின் பக்கத்திலுள்ள சின்னக் கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். பிஎஃப்சென்ஸ் அதில் 32 என்றுதான் வைத்திருக்கும். அதை 24 ஆக்காவிட்டால் அந்த நெட்வொர்க்கில் ஃபயர்வாலைத் தவிர வேறு யாருக்கும் இடமே இல்லை, டிஎச்சிபி பக்கமும் முகவரி வரம்பை ஏற்காது. அதே பக்கத்தில் கேட்வே என்று ஒரு இடம் இருக்கும், அதைக் காலியாகவே விடுங்கள். உள்பக்க இன்டர்ஃபேஸுக்குக் கேட்வே கொடுத்தால் ஃபயர்வால் அதையும் ஒரு வேன் என்று எடுத்துக்கொள்ளும், நேட் (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வேலை) குழம்பும், நெட் ஏன் போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் டிஎச்சிபி சர்வரில் அந்த இன்டர்ஃபேஸை இயக்கி, 100 முதல் 199 வரை என்பதுபோல் ஒரு வரம்பு கொடுங்கள்.

புதிய இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் தடுக்கும்

நிறுவும்போது வந்த லேனுக்கு எங்கும் போகலாம் என்ற ரூல் தானாகவே இருக்கும். நீங்கள் பிறகு சேர்க்கும் எந்த இன்டர்ஃபேஸுக்கும் அது கிடையாது. டிஎச்சிபி மட்டும் தானாக அனுமதி பெறும், அதனால் போனுக்கு ஐபி கிடைக்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. "ஐபி வருது, நெட் வரலை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் ரூல் பக்கம்.

ரூல் எழுத இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ட்ராஃபிக் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக ஃபயர்வாலுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கத்தில்தான் ரூல் எழுத வேண்டும். மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும், முதலில் பொருந்துவது எதுவோ அதுவே தீர்ப்பு. விருந்தினர் விலேனுக்கு நான் வைப்பது இந்த வரிசை: முதலில் ஃபயர்வாலின் அந்த விலேன் முகவரிக்கு 53ஆம் போர்ட்டில் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றுவது) அனுமதி, அடுத்து ஃபயர்வாலின் எல்லா முகவரிகளுக்கும் தடை, நிர்வாகப் பக்கத்தை யாரும் திறக்காமலிருக்க, அடுத்து 10, 172.16, 192.168 ஆகிய தனியார் முகவரி வரம்புகள் மூன்றையும் ஒரு அலையஸில் (பல முகவரிகளுக்கு ஒரே பெயர்) போட்டு அதற்குத் தடை; கடைசியில் மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி. இந்த வரிசை கலைந்தால் தடை வெறும் பெயருக்குத்தான் இருக்கும்.

கேமரா விலேனுக்கு இணையமே வேண்டாம் என்று ஒரேயடியாக மூடிவிடத் தோன்றும். ஆடிட்டர் வீட்டிலிருந்து போனில் கேமரா பார்ப்பவராக இருந்தால் அது என்விஆர் கம்பெனியின் கிளவுட் வழியாகத்தான் பெரும்பாலும் போகும். அப்போது என்விஆரின் ஐபிக்கு மட்டும் வெளியே போக அனுமதி கொடுத்து, மற்ற கேமராக்களை மூடிவையுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து என்விஆரைப் பார்க்கும் ரூலை ஊழியர் இன்டர்ஃபேஸில் எழுத வேண்டும், கேமரா இன்டர்ஃபேஸில் அல்ல. பதில் திரும்பி வருவதற்குத் தனி ரூல் தேவையில்லை, ஃபயர்வால் அந்த இணைப்பை நினைவில் வைத்திருக்கும்.

ஸ்விட்ச் பக்கம்

ஃபயர்வாலில் எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஸ்விட்ச்தான். விலேன் புரியும் மேனேஜ்டு அல்லது ஸ்மார்ட் ஸ்விட்ச் வேண்டும், சாதா ஸ்விட்ச் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். ஃபயர்வாலிலிருந்து வரும் போர்ட்டில் 10, 20, 30 மூன்றும் டேக் உள்ளவையாக இருக்க வேண்டும். என்விஆர் செருகியிருக்கும் போர்ட்டில் 20 டேக் இல்லாமல், கூடவே அந்த போர்ட்டின் பிவிஐடியும் (டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த விலேனில் சேர்ப்பது என்ற எண்) 20. விலை குறைந்த ஸ்விட்ச்களில் இந்த இரண்டும் வேறு வேறு பக்கங்களில் இருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. பிவிஐடி 1ஆகவே இருந்துவிட்டால் ஃபயர்வால் அனுப்புவது என்விஆருக்குப் போகும், என்விஆர் அனுப்புவது 1க்குள் போய்த் தொலையும். அந்த போர்ட்டில் ஒரு லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் ஐபி வந்தால் டிஎச்சிபி பதில் வந்து சேரவில்லை என்று அர்த்தம். நேராகப் பிவிஐடி பக்கத்துக்குப் போங்கள்.

வைஃபை ஏபி (வைஃபை தரும் பெட்டி) இருக்கும் போர்ட்டில் மட்டும் 10 டேக் இல்லாமலும் 30 டேக்கோடும் வைப்பது வசதி. ஏபி தன் சொந்த ஐபியை 10இலிருந்து எடுத்துக்கொள்ளும், விருந்தினர் வைஃபை பெயரை ஏபிக்குள் 30 என்ற எண்ணோடு இணைத்துவிடுவீர்கள்.

பிபிபிஓஇ: வேன் பக்கத்து அடுக்கு

சென்னையில் சில ஃபைபர் இணைப்புகள் பெயர், கடவுச்சொல் கேட்கும் பிபிபிஓஇ, சிலவற்றில் டிஎச்சிபியே போதும். உங்கள் ஓஎன்டி பெட்டியே (ஃபைபர் வந்து சேரும் மோடம்) டயல் செய்கிறதென்றால் ஃபயர்வாலில் செய்ய ஒன்றுமில்லை. ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (தான் டயல் செய்யாமல் சும்மா கடத்திவிடும் நிலை) போடச்சொல்லி ஃபயர்வாலே டயல் செய்யும்போதுதான் இது தேவை. பிரிட்ஜ் மோடில் விலேன் டேக் ஏதாவது போட வேண்டுமா, எண் என்ன என்று லைன் மேனிடம் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பகுதிக்குப் பகுதி மாறும். டேக் உண்டென்றால் அடுக்கு இப்படி: நிஜ போர்ட், அதன் மேல் விலேன், அதன் மேல் பிபிபிஓஇ. வேன் என்று அசைன் ஆகவேண்டியது உச்சியிலிருக்கும் பிபிபிஓஇ. அடியிலிருக்கும் போர்ட்டையே வேனாக விட்டுவைப்பது அடிக்கடி நடப்பது.

பிபிபிஓஇ தனக்கென்று 8 பைட் எடுத்துக்கொள்வதால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 அல்ல, 1492. இது சரியில்லாவிட்டால் நெட் முழுதாக நிற்காது. சில தளங்கள் பட்டென்று திறக்கும், சில பாதியில் தொங்கும், வங்கித் தளமோ ஜிஎஸ்டி தளமோ உள்நுழையும் இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சோதிக்க, பிங் கட்டளையில் பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற விருப்பத்தோடு 1464 பைட் அனுப்புங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டும் சேர்ந்து 1492 ஆகும். அது போய்த் திரும்பி, 1465 போகவில்லை என்றால் எல்லாம் சரி.

ஒரு ஜிகாபிட் லைன் எடுத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இந்த ஃபயர்வால்களின் அடியிலிருக்கும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பழைய முறை பிபிபிஓஇ உள்ளே வரும் வேலை முழுவதையும் ஒரே சிபியு கோரில் செய்கிறது. பெட்டி பழசென்றால் வேகம் பாதியில் முட்டி நிற்கும், நீங்கள் லைனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 2025இல் வந்த பிஎஃப்சென்ஸ் 2.8இல் இதற்குப் புதிய டிரைவர் ஒன்று இருக்கிறது, அதை இயக்கிப் பாருங்கள்.

பிரிட்ஜ்: தேவையென்றால் மட்டும்

நாலு போர்ட் பெட்டியை வாங்கியவர்களின் முதல் ஆசை, மூன்று போர்ட்களைச் சேர்த்து ஒரு ஸ்விட்ச் ஆக்குவது. பிரிட்ஜ் அதைச் செய்யும், ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஸ்விட்ச் தனக்குள்ளிருக்கும் சிப்பில் செய்யும் வேலையை இங்கே உங்கள் சிபியு செய்ய வேண்டியிருக்கும். அஞ்சு போர்ட் ஸ்விட்ச் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில் அதற்கு அவசியமில்லை.

செய்தே ஆகவேண்டும் என்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் லேன் போர்ட்டை முதலில் உள்ளே சேர்க்காதீர்கள், சேர்த்த நொடியில் இணைப்பு அறுந்துவிடும். மற்ற இரண்டு போர்ட்களை ஐபி இல்லாமல் அசைன் செய்து இயக்கி, அவற்றை வைத்து பிரிட்ஜை உருவாக்கி, லேனை அந்த பிரிட்ஜுக்கு மாற்றி, கேபிளை அங்கே செருகி உள்ளே வந்துவிட்டீர்கள் என்று உறுதியான பிறகு பழைய போர்ட்டைச் சேருங்கள். ரூல்களும் வழக்கமாக பிரிட்ஜின் மேல் அல்ல, உறுப்பு போர்ட்கள் ஒவ்வொன்றின் மேலும்தான் சரிபார்க்கப்படும். பிரிட்ஜின் மேலேயே ரூல் வேண்டுமென்றால் சிஸ்டம் ட்யூனபிள்ஸில் பிஃபில் மெம்பரை 0 ஆகவும் பிஃபில் பிரிட்ஜை 1 ஆகவும் மாற்ற வேண்டும்.

லேக்

இரண்டு கேபிள்களை ஒன்றாகக் கட்டுவது. எல்ஏசிபி (இரண்டு பக்கமும் பேசிவைத்துக் கட்டும்) முறைக்கு ஸ்விட்ச் பக்கத்திலும் அதே அமைப்பு வேண்டும். கட்டப்போகும் போர்ட்கள் எதிலும் ஐபி இருக்கக் கூடாது, விலேன்களை இதன் மேல் வையுங்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஒரு கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை இழுக்கும்போது ஒரு கேபிளின் வேகம்தான் கிடைக்கும். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது சுமை பிரியும், ஒரு கேபிள் போனாலும் இன்னொன்று தாங்கும், அவ்வளவுதான் லாபம். சின்ன அலுவலகத்துக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

டனல் வகைகள்

ஆடிட்டருக்கு வீட்டிலிருந்து டாலி வேண்டும் என்றால் வயர்கார்டு. யுடிபி 51820, எம்டியூ 1420, ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சாவி ஜோடி. ரூல் இரண்டு இடத்தில் எழுத வேண்டும்: வேனில் 51820க்கு அனுமதி, வயர்கார்டு இன்டர்ஃபேஸில் உள்ளே எங்கே போகலாம் என்பதற்கு அனுமதி. இரண்டாவதை மறந்தால் ஹேண்ட்ஷேக் (இரண்டு பக்கமும் இணைந்துகொள்ளும் முதல் படி) நடக்கும், டாலி திறக்காது.

இதைத் தொடங்கும் முன் உங்கள் வேன் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதில் தொடங்கினாலும் நீங்கள் இணைய நிறுவனத்தின் சிஜி நேட்டுக்கு (பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபி) பின்னால் இருக்கிறீர்கள், வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது. எத்தனை முறை சாவியை மாற்றினாலும் பயனில்லை. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள், அல்லது வெளியே ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து இரண்டு பக்கமும் அதை நோக்கி டயல் செய்ய வையுங்கள்.

வயர்கார்டுக்குப் பதிலாக ஓபன்விபிஎன் போடுகிறவர்கள் டன், டேப் என்ற கேள்வியைப் பார்ப்பார்கள். டன் என்றே வையுங்கள். டேப் ஈதர்நெட்டையே நீட்டுவது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓபன்விபிஎன் செயலி அதை ஏற்காது. ஜிஆர்இயும் ஜிஐஎஃபும் பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் போடுபவை, மறையாக்கம் எதுவும் கிடையாது, வெறுமனே அவற்றை வைத்து இரண்டு கிளைகளை இணையம் வழியாக இணைக்காதீர்கள். கியூஇன்கியூவும் விஎக்ஸ்லேனும் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

விர்ச்சுவல் ஐபி வேறு

பெயரைப் பார்த்து இதையும் இன்டர்ஃபேஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். ஐபி அலையஸ் என்பது இருக்கிற இன்டர்ஃபேஸுக்கு இரண்டாவது முகவரி, அவ்வளவே. கார்ப் என்பது இரண்டு ஃபயர்வால் பெட்டிகள் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்வது. பெட்டிக்கு ஒன்று, பொதுவாக ஒன்று என்று ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் மூன்று முகவரிகள் தேவைப்படும். ஒரே ஒரு ஐபி தரும் சாதாரண பிபிபிஓஇ லைனில் இதை வேனில் முயலாதீர்கள்.

பெட்டியே ஒரு விஎம் என்றால்

ப்ராக்ஸ்மாக்ஸில் (ஒரே கம்ப்யூட்டரில் பல விஎம்களை, அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்) ஃபயர்வாலை ஓட்டுகிறவர்கள் பிரிட்ஜில் விலேன் அவேர் என்பதைக் குறியிட வேண்டும். விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் கார்டு கொடுத்திருந்தால் ஃபயர்வாலுக்குள் ஹார்டுவேர் செக்சம் ஆஃப்லோடை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிங் போகும், பக்கங்கள் நகராது.

கை வைக்கும் முன், வைத்த பின்

எந்த மாற்றத்துக்கும் முன்னால் கான்ஃபிக் பேக்கப் ஒன்றை உங்கள் லேப்டாப்பில் இறக்கி வையுங்கள், ஃபயர்வாலுக்குள்ளேயே அல்ல. ஒரு நேரத்தில் ஒரு இன்டர்ஃபேஸ் மட்டும் சேருங்கள். சேர்த்ததும் கீழிருந்து சோதியுங்கள்: போர்ட்டில் லிங்க் விளக்கு எரிகிறதா, ஐபி சரியான வரம்பில் வருகிறதா, கேட்வே பிங் ஆகிறதா, 8.8.8.8 பிங் ஆகிறதா, பெயர் போட்டால் திறக்கிறதா. விருந்தினர் விலேனில் கேட்வே பிங் ஆகாது, நாம்தான் ஃபயர்வால் முகவரிகளைத் தடுத்தோம். அங்கே அந்தப் படியைத் தாண்டிப் போங்கள். எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிதான் பிரச்சினை. லிங்க் இருந்து ஐபி இல்லையென்றால் ஸ்விட்சும் டேக்கும், ஐபி இருந்து வெளியே போகவில்லையென்றால் ரூல், எண்ணுக்கு பிங் போய்ப் பெயருக்குத் திறக்கவில்லையென்றால் டிஎன்எஸ்.

வெளியே பூட்டிக்கொண்டால் பதறாதீர்கள். மானிட்டரும் கீபோர்டும் செருகினால் கன்சோல் மெனு வரும். அங்கே 1ஐ அழுத்தினால் இன்டர்ஃபேஸ்களை மறுபடி அசைன் செய்யலாம், 2ஐ அழுத்தி லேனுக்கு ஐபி கொடுக்கலாம். பிஎஃப்சென்ஸில் 15ஐ அழுத்தினால் முந்தைய கான்ஃபிக் பட்டியல் வரும், மாற்றத்துக்கு முன்பிருந்ததைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்யுங்கள்.